பிளேஆஃப் நெருங்கும்போது: எங்கள் ஃபேன்டஸி பேஸ்பால் லீக்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூ ஜெர்சியில் பன்னிரண்டு நண்பர்கள் சேர்ந்து நடத்தும் லீக் இது. பதினோரு வருடமாக நடக்கிறது. விதிகளைப் பார்த்துக்கொள்ளும் கமிஷனர் வேலை என்னுடையது. இந்த வருடம் புதிதாக இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள். ஆகஸ்ட் பாதி ஓடிவிட்டது, பிளேஆஃபுக்கு இன்னும் மூன்றே வாரம். வாட்ஸ்அப்பில் அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. வீட்டில் இருப்பவர்களும் ராத்திரி ஒரு மணிக்கு சியாட்டில் ஆட்டத்தை ஏன் பார்க்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஃபேன்டஸி பேஸ்பால் என்றால் என்ன? கிரிக்கெட்டில் ஆப்பில் பதினோரு பேரைத் தேர்ந்தெடுக்கிறோமே, அது மாதிரியா?

பாதி அது மாதிரிதான். உண்மையான ஆட்டக்காரர்களை எடுக்கிறோம், அவர்கள் களத்தில் செய்வது நம் கணக்கில் ஏறுகிறது. ஆனால் கிரிக்கெட் ஆப்பில் இன்றைக்கு ஒரு அணி, நாளைக்கு வேறு அணி; ஒரே ஆட்டக்காரரை லட்சம் பேர் வைத்திருக்கலாம். இங்கே மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை எல்லோரும் உட்கார்ந்து டிராஃப்டில் ஆள் எடுக்கிறோம். ஒருவர் எடுத்துவிட்டால் அந்த ஆட்டக்காரர் மற்ற பதினோரு பேருக்கும் கிடையாது. அப்புறம் செப்டம்பர் கடைசி வரை அவர்களை வைத்துக்கொண்டுதான் குடும்பம் நடத்த வேண்டும். மேஜர் லீக்கில் (அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் போட்டி) ஒவ்வொரு அணிக்கும் 162 ஆட்டம், அதனால் ஏறக்குறைய தினமும் ஏதாவது நடந்துகொண்டே இருக்கும்.

இந்த ஆட்டத்துக்கு இன்றைய வடிவம் கொடுத்தவர் டேனியல் ஓக்ரென்ட் என்ற எழுத்தாளர். 1980இல் நியூயார்க்கில் தன் நண்பர்களோடு அதை ஆரம்பித்தார். அவர்கள் கூடிச் சாப்பிட்ட 'லா ரோட்டிஸரி ஃப்ரான்சேஸ்' என்ற உணவகத்தின் பெயரிலிருந்துதான் 'ரோட்டிஸரி' முறை என்ற பெயர் வந்தது. அந்த மூல முறையில் பிளேஆஃபே கிடையாது. வருடம் முழுவதும் சேர்ந்த மொத்தக் கணக்கை வைத்து முதலிடம் யார் என்று பார்ப்பார்கள். நாங்கள் ஆடுவது நேருக்கு நேர் முறை, வாரத்துக்கு ஒரு எதிராளி. பிளேஆஃப், அதற்கான ஓட்டம், தூக்கம் கெடுவது எல்லாம் அதனால் வருவதுதான்.

ஒரு வாரத்தில் யார் ஜெயித்தார்கள் என்று எப்படிக் கணக்கிடுகிறீர்கள்?

திங்கள் முதல் ஞாயிறு வரை பத்துப் பிரிவுகள். பேட்டிங்கில் ஐந்து: ரன், ஹோம் ரன், ஆர்பிஐ (அடித்து உள்ளே கொண்டுவந்த ரன்கள்), ஸ்டோலன் பேஸ் (யாரும் அடிக்காதபோதே அடுத்த பேஸுக்கு, அதாவது ரன் ஓடும் வழியில் உள்ள அடுத்த நிறுத்தத்துக்கு, ஓடிப் பிடிப்பது), பேட்டிங் சராசரி. பிட்சிங்கில் (பந்து எறிவதில்) ஐந்து: வெற்றி, சேவ் (அணியின் முன்னிலையைக் கடைசியில் காப்பாற்றி ஆட்டத்தை முடிப்பது), ஸ்ட்ரைக்அவுட் (பேட்டரை மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றுவது), ஈஆர்ஏ, விப். பிட்சர் ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் விட்டுக்கொடுத்தார் என்பது ஈஆர்ஏ; எரரால், அதாவது ஃபீல்டர் செய்த தவறால், வந்த ரன் இதில் சேராது. ஒரு இன்னிங்ஸுக்கு எத்தனை பேரை வாக் (நாலு தவறான பந்தால் பேட்டருக்குக் கிடைக்கும் இலவச பேஸ்), ஹிட் மூலம் பேஸுக்கு விட்டார் என்பது விப். அந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவரும் ஓக்ரென்ட்தான். இந்த இரண்டிலும் குறைவாக வைத்திருப்பவருக்குத்தான் வெற்றி.

ஒவ்வொரு பிரிவும் ஒரு தனி வெற்றி அல்லது தோல்வி. ஏழு பிரிவில் ஜெயித்து மூன்றில் தோற்றால் அட்டவணையில் 7-3 ஏறும். வாரத்தை ஜெயித்தோமா என்பது முக்கியமில்லை, எத்தனை பிரிவு கையில் வந்தது என்பதுதான் கணக்கு. புதிதாக வந்த இரண்டு பேருக்கும் சித்திரை மாதம் முதல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: 3-7 என்று தோற்றுக்கொண்டிருக்கும் வாரத்தில் அதை 4-6 ஆக்க ஞாயிறு சாயங்காலம் பாடுபடுவது வீண் வேலை இல்லை.

பிளேஆஃபுக்கு எத்தனை பேர் போகலாம்?

ஆறு பேர். 22 வாரம் முடிந்ததும் முதல் இரண்டு இடத்தில் இருப்பவர்களுக்கு முதல் சுற்று ஓய்வு. மற்ற நால்வரும் கால் இறுதி ஆடுவார்கள். மூன்று வாரத்தில் மூன்று சுற்றும் முடிந்துவிடும்.

இன்றைய நிலவரம் என்ன?

19 வாரம் முடிந்திருக்கிறது. முதல் நான்கு இடங்கள் கிட்டத்தட்ட உறுதி. சண்டை ஐந்தாம், ஆறாம் இடங்களுக்குத்தான்:

ஐந்தாம் இடம்: 99 வெற்றி, 84 தோல்வி, 7 சமன்.
ஆறாம் இடம்: 96, 87, 7.
ஏழாம் இடம்: 94, 88, 8.
எட்டாம் இடம்: 90, 92, 8.

சமனுக்கு அரை வெற்றி. அப்படிப் பார்த்தால் ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் நடுவில் வெறும் ஒன்றரை வெற்றி. எட்டாம் இடத்தில் இருப்பவர் ஆறாம் இடத்துக்கு ஐந்தரை வெற்றி பின்னால் இருக்கிறார்.

எட்டாம் இடத்துக்காரருக்கு உண்மையிலேயே வாய்ப்பு இருக்கிறதா, அல்லது ஆறுதலுக்குச் சொல்கிறீர்களா?

உண்மையாகவே இருக்கிறது. மீதி மூன்று வாரத்தில் முப்பது பிரிவுகள் இருக்கின்றன. ஆறாம் இடத்துக்காரர் வாராவாரம் 5-5 எடுக்கிறார், எட்டாம் இடத்துக்காரர் 7-3 எடுக்கிறார் என்று வையுங்கள். வாரத்துக்கு இரண்டு வெற்றி இடைவெளி குறையும், மூன்று வாரத்தில் ஆறு. ஐந்தரை வெற்றி பின்னால் இருந்தவர் அரை வெற்றியில் முந்திவிடுவார். 7-3 என்பது அபூர்வமான விஷயமில்லை. இந்த வருடம் எங்கள் லீக்கில் எல்லோருமே ஒரு தடவையாவது எடுத்திருக்கிறோம். தொடர்ந்து மூன்று தடவை எடுப்பது கஷ்டம், அவ்வளவுதான். நடுவில் ஏழாம் இடத்துக்காரரும் சும்மா இருக்க மாட்டார் என்பதையும் மறக்க வேண்டாம்.

எந்தப் பிரிவைத் துரத்துவது?

இந்த மூன்று வாரத்தில் இதைவிட முக்கியமான கேள்வி கிடையாது. முதலில் உங்கள் எதிராளியின் அணியைப் பாருங்கள். அவரிடம் க்ளோசர் (ஒன்பதாவது, கடைசி இன்னிங்ஸில் இறங்கி சேவ் எடுக்கும் பிட்சர்) ஒருவர்கூட இல்லையென்றால் இரண்டு சேவ் போதும், அந்தப் பிரிவு உங்களுடையது. மூன்றாவது க்ளோசரை வைத்துக்கொண்டு இடத்தை அடைக்காதீர்கள்.

ஸ்டோலன் பேஸை இப்போதெல்லாம் சுலபமாகத் துரத்தலாம். 2023இல் விதிகளை மாற்றினார்கள்: பேஸ் 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாகப் பெரிதானது, பிட்சருக்கு நேரக் கணக்கு வந்தது, ஓடத் தயாராக நிற்பவரைப் பிடிக்க பிட்சர் எறிவதற்கும் எண்ணிக்கை வைத்துவிட்டார்கள். 2022இல் மேஜர் லீக் முழுவதும் 2,486 ஸ்டோலன் பேஸ். மறு வருடமே 3,503. அதனால் ஓடுகிற ஆள் இப்போது வெய்வரில்கூட (லீக்கில் யாரும் வைத்திராத ஆட்டக்காரர்களின் பட்டியல்) கிடைக்கிறார். ஆனால் எதிராளிக்கும் கிடைக்கிறார் என்பதால், வியாழக்கிழமைக்கு மேல் யார் எத்தனை என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஈஆர்ஏ, விப் இரண்டும் வேறு ஜாதி. அவற்றைத் துரத்த முடியாது, காப்பாற்றத்தான் முடியும். போன மாதம் எனக்கு நடந்ததையே சொல்கிறேன். ஞாயிறு காலை என் கணக்கு 40 இன்னிங்ஸ், 14 ரன், ஈஆர்ஏ 3.15. எதிராளியின் ஈஆர்ஏ 3.40, அவருக்கு அன்று பிட்சர் யாரும் இல்லை. எனக்கு ஒரு பிட்சர் பாக்கி. ஸ்ட்ரைக்அவுட்டில் மூன்று பின்தங்கியிருந்தேன், அதற்காக அவரை இறக்கினேன். நாலு இன்னிங்ஸ் போட்டு ஐந்து ரன் கொடுத்தார். 44 இன்னிங்ஸ், 19 ரன், ஈஆர்ஏ 3.89. ஈஆர்ஏவும் போனது, விப்பும் போனது. ஸ்ட்ரைக்அவுட் கிடைத்தது. ஒன்றை வாங்க இரண்டைக் கொடுத்தேன். இறக்குவதற்கு முன்னால் ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்: நாலு இன்னிங்ஸில் இரண்டு ரன் விட்டாலே 3.40ஐ நெருங்கிவிடும், மூன்றோடு தாண்டிவிடும். ஐந்து நிமிட வேலை.

ஸ்ட்ரீமிங் என்கிறார்களே, அது என்ன? அனுமதி உண்டா?

யாரும் வைத்திராத ஒரு பிட்சரை ஒரே ஒரு ஆட்டத்துக்காக எடுத்து, முடிந்ததும் விட்டுவிடுவது. அனுமதி உண்டு, ஆனால் வாரத்துக்கு ஆறு தடவைக்கு மேல் ஆளை மாற்றக் கூடாது. அந்த எண்ணிக்கை இல்லாவிட்டால் வேலை இல்லாமல் கைபேசியோடு உட்கார்ந்திருப்பவரே ஜெயிப்பார், கைக்குழந்தை வைத்திருப்பவர் தோற்பார். பன்னிரண்டு பேருக்கும் பன்னிரண்டு விதமான வாழ்க்கை. அதையும் பார்த்துத்தான் விதி வைக்க வேண்டும்.

எடுக்கும்போது எதிரணியையும் மைதானத்தையும் பாருங்கள். டென்வரில் கொலராடோ அணியின் கூர்ஸ் ஃபீல்டு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,580 மீட்டர் உயரம். காற்று லேசானது, பந்து தூரமாகப் போகும், வளைய வேண்டிய பந்து சரியாக வளையாது. நல்ல பிட்சர்களே அங்கே அடி வாங்குவார்கள். அங்கே போகும் பேட்டரை எடுங்கள், பிட்சரை வேண்டாம்.

என் க்ளோசருக்கு ஆகஸ்டில் திடீரென்று சேவ் வருவது நின்றுவிட்டது. ஏன்?

அனேகமாக ஜூலைக் கடைசியிலோ ஆகஸ்ட் தொடக்கத்திலோ அவர் வேறு அணிக்கு மாறியிருப்பார். மேஜர் லீக்கில் டிரேட் கெடு (அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளக் கடைசி நாள்) அப்போதுதான் வருகிறது. தோற்கும் அணியின் க்ளோசரை ஜெயிக்கும் அணி வாங்கும், ஆனால் அங்கே ஏற்கெனவே ஒரு க்ளோசர் இருப்பார். 2024இல் மயாமியிலிருந்து டேனர் ஸ்காட் சான் டியாகோவுக்குப் போனார். அங்கே ராபர்ட் சுவாரஸ் இருந்ததால் ஸ்காட்டுக்குப் பெரும்பாலும் எட்டாவது இன்னிங்ஸ்தான் கிடைத்தது. ஆட்டக்காரராக அவர் மோசமாகிவிடவில்லை, நம் கணக்கில்தான் சேவ் ஏறவில்லை. அவர் விட்டுப்போன அணியில் அடுத்த க்ளோசர் யார் என்று அன்றைக்கே பார்ப்பவர்தான் அடுத்த இரண்டு மாதத்துக்கான சேவ்களை எடுத்துக்கொள்கிறார்.

எங்கள் லீக்குக்குள் டிரேட் கெடு ஆகஸ்ட் முதல் வாரத்தோடு முடிந்தது. இனி வெய்வர் மட்டும்தான்.

எனக்கு வாய்ப்பே இல்லை. இனி எதற்காகத் தினமும் லைன்அப் (அன்று யார் யார் கணக்கில் சேர்வார்கள் என்ற பட்டியல்) வைக்க வேண்டும்?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் லீக்கில் பதினோராம் இடத்தில் இருந்த ஒருவர் ஆகஸ்ட் தொடக்கத்திலேயே அணியைத் திறந்து பார்ப்பதை விட்டுவிட்டார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. வேலை அதிகம், அணியும் தேறவில்லை, சரி அடுத்த வருடம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டார். கடைசி வாரம் அவருக்கு எதிராளியாக வந்தவர் ஏழாம் இடத்தில் இருந்தார். அந்தத் திங்கட்கிழமை நான் பதினோராம் இடத்துக்காரரின் லைன்அப்பைத் திறந்து பார்த்தேன். மூன்று பேட்டர்கள் காயம்பட்டு அணியின் காயப்பட்டியலில் இருந்தார்கள், பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு அடையாளம். ஒருவரை அவருடைய அணி மைனர் லீக்குக்கே அனுப்பிவிட்டிருந்தது. தினமும் ஆடும் இரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வாரம் 9-1 என்று முடிந்தது. ஏழாம் இடத்துக்காரர் அரை வெற்றியில் ஆறாம் இடத்துக்கு ஏறினார். ஆறாம் இடத்தில் இருந்தவர் அந்த வாரம் கடினமான எதிராளியோடு மோதி 5-5 எடுத்திருந்தார். வெளியே போனது அவர்தான்.

அவர் சண்டை போடவில்லை. அடுத்த மார்ச்சில் டிராஃப்டுக்குத் தேதி கேட்டபோது, இந்த வருடம் நான் இல்லை என்று ஒரே வரியில் பதில் போட்டார். அதற்கப்புறம் அவர் லீக்குக்குத் திரும்பவில்லை. கல்லூரியிலிருந்து கூட இருந்த நண்பர். நான் கமிஷனராக இருந்தும், அந்தச் சிவப்பு அடையாளங்களைத் திங்கட்கிழமையே பார்த்தும், ஒரு ஃபோன் போடவில்லை. அது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

உங்கள் அணி உங்களுக்காக மட்டும் ஆடுவதில்லை. மீதி மூன்று வாரத்தில் நீங்கள் மூன்று பேரோடு மோதப் போகிறீர்கள். அதில் ஒருவருக்கு நீங்கள் முழு பலத்தோடு ஆடி, இன்னொருவருக்கு வெற்று லைன்அப்பை வைத்தால், ஆறாம் இடம் யாருக்கு என்று நீங்களே முடிவு செய்தது போலத்தான். அதனால் இரண்டு விதி கொண்டுவந்தோம். காயம்பட்டவரைத் தொடர்ந்து மூன்று நாள் லைன்அப்பில் விட்டிருந்தால் நான் கூப்பிடுவேன். அப்படியும் மாற்றாவிட்டால் பெஞ்சில் இருப்பவரை நானே இறக்குவேன். இரண்டாவது, பிளேஆஃபுக்குப் போகாத ஆறு பேருக்கும் தனியாக ஒரு சுற்று நடக்கும். அதில் ஜெயிப்பவருக்கு அடுத்த வருட டிராஃப்டில் தன் இடத்தைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமை. இது வந்தபிறகு பன்னிரண்டாம் இடத்தில் இருப்பவர்கூட செப்டம்பரில் ஸ்ட்ரீமிங் செய்கிறார். பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது.

செப்டம்பரில் என்ன மாறும்?

மேஜர் லீக் அணிகளில் 26 பேர் பட்டியல் செப்டம்பர் 1 முதல் 28 ஆகும். இளம் ஆட்டக்காரர்கள் சிலர் மேலே வருவார்கள். அதைவிட நம்மைப் பாதிப்பது ஓய்வு. இடம் உறுதியான அணி தன் நட்சத்திரங்களை உட்கார வைக்கும். தோற்ற அணி தன் இளம் பிட்சரின் கையைப் பாதுகாக்கும். 2012இல் வாஷிங்டன் அணி ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பர்கை 159⅓ இன்னிங்ஸோடு செப்டம்பர் தொடக்கத்திலேயே நிறுத்திவிட்டது, அதுவும் அணி பிளேஆஃபுக்குப் போகிற வருடத்தில். அவரை நம்பி இருந்த ஃபேன்டஸி அணிகளுக்கு அதோடு அவர் இல்லை. இளம் பிட்சரின் இன்னிங்ஸ் எண்ணிக்கையை இப்போதே பாருங்கள்.

மழையும் உண்டு. 2024 செப்டம்பர் கடைசியில் ஹெலீன் புயல் வந்ததால் அட்லான்டாவில் மெட்ஸ், பிரேவ்ஸ் இடையே நடக்க வேண்டிய இரண்டு ஆட்டங்கள் தள்ளிப்போய், 30ஆம் தேதி திங்கட்கிழமை ஒரே நாளில் இரண்டும் நடந்தன. எங்கள் இறுதி வாரம் ஞாயிறோடு முடிந்துவிட்டது. அந்த இரண்டு அணி ஆட்களை வைத்திருந்தவருக்கு இரண்டு நாள் நஷ்டம். விதி விதிதான், மாற்றவில்லை.

வருடம் முழுவதும் முதலிடத்தில் இருந்தவர் பிளேஆஃபில் ஒரே வாரத்தில் வெளியே போவது நியாயமா?

நானே அப்படிப் போனவன். 2024இல் நான் இரண்டாம் இடம். அரை இறுதி செப்டம்பர் 16ஆம் தேதி ஆரம்பித்தது. எதிராளியிடம் ஷோஹெய் ஓட்டானி இருந்தார். வியாழக்கிழமை மத்தியானம் வரை ஆர்பிஐயில் நான் ஏழு முன்னால். 19ஆம் தேதி அது. அன்று மயாமியில் அவருடைய டாட்ஜர்ஸ் அணியின் ஆட்டம். ரயிலில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். கைபேசியில் புதுப்பித்துப் பார்க்கும்போதெல்லாம் எண் மாறுகிறது. ஆறு தடவை பேட் பிடித்து ஆறு ஹிட். மூன்று ஹோம் ரன், இரண்டு ஸ்டோலன் பேஸ், நாலு ரன், பத்து ஆர்பிஐ. ஒரே வருடத்தில் 50 ஹோம் ரன், 50 ஸ்டோலன் பேஸ் என்று பேஸ்பால் வரலாற்றிலேயே முதல் ஆளாக அவர் தொட்டது அன்றுதான். ஏழு முன்னால் இருந்த நான் வீட்டுக்குள் நுழையும்போது மூன்று பின்னால். பேட்டிங்கின் ஐந்து பிரிவும் ஒரே சாயங்காலத்தில் கை மாறின. வாரம் 3-7 என்று தோற்றேன்.

நியாயமா என்று கேட்டால், 22 வாரத்தின் உழைப்பை ஒரு வாரம் அழிப்பது முழு நியாயம் இல்லைதான். அதற்காகத்தான் முதல் இரண்டு இடத்துக்கு ஓய்வு வாரம் வைத்திருக்கிறோம், வழக்கமான பருவத்தில் முதலிடம் வந்தவருக்குக் கோப்பையில் தனியாகப் பெயர் பொறிக்கிறோம். ஆனால் அந்த வியாழக்கிழமையை விட்டுக்கொடுக்கச் சொன்னால் மாட்டேன். தோற்றுக்கொண்டே, இப்படி ஒரு ஆட்டத்தை ஒவ்வொரு பேட்டாக எண்ணிப் பார்க்கும் கொடுப்பினை எத்தனை பேருக்குக் கிடைக்கும்? ராத்திரி எதிராளிக்கு ஃபோன் போட்டு ஒரு மணி நேரம் பேசினேன்.

பணம் வைத்து ஆடுகிறீர்களா?

ஆளுக்கு 50 டாலர். அதில் கோப்பையில் பெயர் பொறிப்பதும் டிராஃப்ட் அன்றைய சாப்பாடும் போக மிச்சம்தான் பரிசு.

22 வாரம் முடிந்து இரண்டு பேர் சமமாக இருந்தால்?

அந்த வருடம் இருவரும் நேருக்கு நேர் மோதியதில் யார் அதிகப் பிரிவு ஜெயித்தார் என்று பார்ப்போம். அதுவும் சமமென்றால் மொத்த ஹோம் ரன்.

ஞாயிறு ராத்திரி கடைசி ஆட்டம் முடிந்ததும் முடிவு உறுதியா?

இல்லை. களத்தில் ஹிட்டா எரரா என்று எழுதும் அதிகாரபூர்வ ஸ்கோரரின் முடிவு சில நாள் கழித்தும் மாறலாம். இரண்டு வருடம் முன்பு ஒரு ஹிட் செவ்வாய்க்கிழமை எரர் ஆக மாறியது. அதற்குப்பின் வந்த மூன்று ரன்களும் பிட்சர் கணக்கிலிருந்து நீங்கின, ஈஆர்ஏ பிரிவு கை மாறியது, 5-5 என்று முடிந்த வாரம் 6-4 ஆனது. சாதாரண வாரங்களில் வியாழக்கிழமை வரை வரும் திருத்தத்தை ஏற்கிறோம். 22ஆம் வாரத்துக்கு மட்டும் அப்படிக் காத்திருக்க முடியாது, மறுநாளே கால் இறுதி தொடங்குகிறது. அதனால் திங்கட்கிழமை முதல் ஆட்டத்தின் முதல் பந்துக்கு முன் வந்த திருத்தம் செல்லும், அதற்குப் பிறகு வந்தது செல்லாது. இதை மார்ச்சிலேயே பன்னிரண்டு பேரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம், புதியவர்கள் இருவரும் சேர்த்து.